இறங்கக் கற்றவனே ஏறத் தகுந்தவன்

மலையைக் கண்டால் அதன் உச்சியில் ஏறி நிற்க வேண்டும் என்னும் ஆவல் இளம் உள்ளங்களில் இயல்பாக எழுவது. அந்த ஆவல் இன்று முறையானதொரு விளையாட்டாகவே வளர்ந்துவிட்டது. 2021ஆம் ஆண்டு தோக்கியோவில் நடைபெற்ற ஒலிம்பிக் விழாவில் பாறையேற்றம் முதன்முறையாகப் போட்டியாகச் சேர்க்கப்பட்டது. 2024ஆம் ஆண்டு பாரிசிலும் அது தொடர்ந்தது. பெருநகரங்களில் செயற்கைச் சுவர்களில் ஏறிப் பழகும் இளைஞரும் இளம்பெண்களும் ஆண்டுதோறும் பெருகி வருகின்றனர். வெளியூரில் படிக்கும் மகனோ மகளோ, "அடுத்த வாரம் நண்பர்களோடு பாறையேறப் போகிறோம்" என்று சொல்லும்போது பெற்றோரின் நெஞ்சம் துணுக்குறுவதும் இயல்பே.

துணுக்குற்ற பெற்றோர் கேட்கும் முதற் கேள்வி, "உனக்கு ஏறத் தெரியுமா?" என்பதாகவே இருக்கும். ஆனால் மலையை நன்கறிந்தோர் கேட்கும் கேள்வி வேறு. "உனக்கு இறங்கத் தெரியுமா? பாதி வழியில் கயிறு சிக்கிக்கொண்டால், துணைவன் அடிபட்டுத் தொங்கினால், வெளியிலிருந்து எவரும் வந்து சேர்வதற்குள் உன்னையும் அவனையும் காத்துக்கொள்ளும் வழி உன் கைகளுக்குத் தெரியுமா?" என்றே அவர்கள் கேட்பார்கள். இவ்வழியைத் தற்காப்பு மீட்புக் கலை எனலாம். அது வலிமையால் வருவதன்று. பொறுமையாகக் கற்றுப் பழகுவதால் வருவது. இக்கலை உருவாவதற்கு எத்தனை உயிர்கள் விலையாகக் கொடுக்கப்பட்டன என்பதை அறிந்துகொண்டால், நம் பிள்ளைகள் அதனைக் கற்காமல் பாறையில் கை வைக்க மாட்டார்கள். நாமும் அவர்களை அவ்வாறு அனுப்ப மாட்டோம்.

ஐகர் மலையில் நால்வர்

சுவிட்சர்லாந்து நாட்டில் ஐகர் என்றொரு மலை உண்டு. அதன் உயரம் 3,967 மீட்டர். அதன் வடக்கு முகம் ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரமுள்ள செங்குத்தான சுவர். கல்லும் பனியும் ஓயாது சரிந்து விழும் இடம் அது. 1936ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 18ஆம் நாள் நான்கு இளைஞர்கள் அச்சுவரில் ஏறத் தொடங்கினர். ஆந்திரேயாஸ் இன்டர்ஸ்டாய்சர், டோனி குர்ட்ஸ் ஆகிய இருவரும் செருமனியின் பவேரியப் பகுதியைச் சார்ந்தவர்கள். வில்லி ஆங்கரர், எடி ரைனர் ஆகிய இருவரும் ஆஸ்திரியர். நால்வருமே கை தேர்ந்த மலையேறிகள்.

வழியில் பிடிமானமே இல்லாத வழுவழுப்பான பாறைப் பரப்பு ஒன்று குறுக்கிட்டது. இன்டர்ஸ்டாய்சர் கயிற்றின் இழுவையைத் துணையாகக் கொண்டு திறமையோடு அதனைக் குறுக்காகக் கடந்தார். அவர் பொருத்திய கயிற்றைப் பற்றிக்கொண்டு மற்ற மூவரும் கடந்தனர். கடைசியாக வந்தவர் கடந்தபின், அக்கயிற்றை அவர்கள் தங்களோடு எடுத்துக்கொண்டனர். மேலே போகும் வழிக்குக் கயிறு வேண்டுமே என்பது அவர்களுடைய எண்ணம். அந்த நேரத்தில் அது ஒரு சிறு செயலாகவே தோன்றியிருக்கும்.

இதனிடையே மேலிருந்து விழுந்த கல்லொன்று ஆங்கரரைத் தாக்கியது. காயம் பட்டவரோடு மேலேறுவது இயலாது என்று உணர்ந்த நால்வரும் மூன்றாம் நாள் இறங்கத் தொடங்கினர். அந்த வழுவழுப்பான பரப்பை மீண்டும் அடைந்தபோது, அது முழுவதும் பனிக்கட்டி படர்ந்திருந்தது. கடப்பதற்குக் கயிறு அங்கு இல்லை. இன்டர்ஸ்டாய்சர் திரும்பத் திரும்ப முயன்றார், இயலவில்லை. வேறு வழியின்றி, நேர்க்கீழே கயிற்றில் இறங்க முனைந்தனர். அப்போது பனிச்சரிவு வந்து அவர்களை அடித்துச் சென்றது. மூவர் மாண்டனர். குர்ட்ஸ் மட்டும் கயிற்றில் தொங்கியபடி உயிரோடு இருந்தார்.

அம்மலையின் உள்ளே இருப்புப்பாதை செல்கிறது. அதன் சாளரம் ஒன்று சுவரில் திறக்கிறது. அவ்வழியாக வெளியே வந்த மலை வழிகாட்டிகள் குர்ட்சின் குரலைக் கேட்டனர். இரவு கவிந்துவிட்டதால் மறுநாள் காலை வருவதாகச் சொல்லித் திரும்பினர். இரவெல்லாம் பனியில் தொங்கிய அந்த இளைஞருடைய ஒரு கை உறைந்து மரத்துப்போயிற்று. காலையில் வந்தவர்களால் அவர் தொங்கிய இடத்தை எட்ட முடியவில்லை. எனவே குர்ட்ஸ் தமக்குக் கிடைத்த கயிற்றுத் துண்டை வெட்டி எடுத்து, ஒற்றைக் கையாலும் பற்களாலும் அதன் புரிகளைப் பிரித்து, ஒன்றோடொன்று முடிந்து, கீழே தொங்கவிட்டார். இதற்குப் பல மணி நேரம் ஆயிற்று. கீழிருந்தோர் அதில் கயிறு கட்டி அனுப்பினர். ஒரு கயிறு போதவில்லை. ஆதலால் இரண்டு கயிறுகளை முடிச்சிட்டு அனுப்பினர்.

அந்தக் கயிற்றில் குர்ட்ஸ் மெல்ல மெல்ல இறங்கினார். வழிகாட்டி ஒருவர் மற்றவர் தோளில் ஏறி நின்று பனிக்கோடரியை நீட்டினால் அவருடைய காலடியை எட்டிவிடும் தொலைவுக்கு வந்துவிட்டார். அங்கே இறக்கம் நின்றுபோயிற்று. இரு கயிறுகளையும் இணைத்த முடிச்சு, அவருடைய இடுப்பிலிருந்த கொக்கி வளையத்தில் நுழைய மறுத்தது. உறைந்த கையோடு அவர் அதனோடு போராடினார். முடிவில், இனித் தம்மால் இயலாது என்று சொல்லி, அப்படியே சாய்ந்து உயிர் நீத்தார். அன்று ஜூலை 22ஆம் நாள். அவருக்கு வயது 23.

இரண்டு மீட்டருக்கும் வாழ்வுக்கும் இடையில் நின்றது ஒரு முடிச்சு! குர்ட்சின் வீரத்தில் எவரும் குறை காண முடியாது. அந்த உறைந்த கையோடு வேறெவராலும் அதற்கு மேல் செய்திருக்க முடியும் என்று சொல்வதற்கும் இல்லை. ஆயினும் அவருக்குப் பின் வந்தோர் அந்த முடிச்சை மறக்கவில்லை.

பாடம் கற்றவர் மீண்டனர்

அடுத்த ஆண்டு, 1937இல், மத்தியாஸ் ரேபிட்ச், லூத்விக் ஃபோர்க் என்னும் இருவர் அதே சுவரில் ஏறினர். இன்டர்ஸ்டாய்சர் கடந்த அந்தப் பரப்பை அவர்களும் கடந்தனர். ஆனால் கடந்தபின் கயிற்றை எடுக்காமல் அங்கேயே விட்டுச் சென்றனர். மேலே வானிலை கெட்டது. அவர்கள் பிடிவாதம் பிடிக்கவில்லை, திரும்பினர். விட்டுச் சென்ற கயிறு அவர்களுக்காகக் காத்திருந்தது. அச்சுவரின் உயர்ந்த பகுதிகள் வரை சென்று உயிரோடு திரும்பியவர்களுள் முதல்வர் அவ்விருவரே.

அடுத்த ஆண்டு, 1938 ஜூலை 24ஆம் நாள், அதே ஃபோர்க் வேறு மூவரோடு சேர்ந்து அச்சுவரை முழுவதும் ஏறி முடித்தார். முந்திய ஆண்டு தோற்றுத் திரும்பியவரே அடுத்த ஆண்டு வென்றார் என்பது எண்ணத்தக்கது. திரும்பி வந்தவனுக்கே மறுமுறை ஏறும் வாய்ப்பு உண்டு. மலை எங்கும் போய்விடாது!

திரும்பும் வழியை அடைத்துவிட்டு முன்னேறக் கூடாது என்பது இதிலிருந்து பெறும் முதற் பாடம். ஒவ்வோர் இடத்திலும் நின்று, "இங்கிருந்து இப்போது திரும்ப வேண்டுமானால் எப்படித் திரும்புவேன்?" என்று தன்னையே கேட்டுக்கொள்பவனே நல்ல மலையேறி.

புரூசிக் முடிச்சு

கயிற்றில் தொங்குபவன் தன்னைத் தானே காத்துக்கொள்ளப் பயன்படும் கருவிகளுள் மிக எளியது ஒரு சிறு கயிற்று வளையமே. ஆஸ்திரிய நாட்டு மலையேறியும் இசை ஆசிரியருமான கார்ல் புரூசிக் என்பவர் 1931ஆம் ஆண்டு இதனை மலையேறிகளுக்கு அறிமுகப்படுத்தினார். முதல் உலகப் போரின்போது இசைக் கருவிகளின் அறுந்த நரம்புகளைச் சீர்செய்ய அவர் இத்தகைய முடிச்சைக் கையாண்டதாகக் கூறுவர்.

அதன் அமைப்பு இதுதான். சுமார் 6 மில்லிமீட்டர் கனமுள்ள மெல்லிய கயிற்றின் இரு முனைகளையும் கட்டி ஒரு வளையமாக்கிக்கொள்ள வேண்டும். அவ்வளையத்தைத் தடித்த பெரிய கயிற்றின்மேல் மூன்று முறை சுற்றி, தன்னுள்ளேயே நுழைத்து இழுக்க வேண்டும். பாரம் இல்லாதபோது இம்முடிச்சைக் கையால் மேலும் கீழும் நகர்த்தலாம். பாரம் ஏறியதும் அது பெரிய கயிற்றை இறுகக் கவ்விக்கொள்ளும். இவ்வாறு இரண்டு வளையங்கள் இருந்தால், ஒன்றை இடுப்பிலும் மற்றொன்றைக் காலடியிலும் மாட்டிக்கொண்டு, ஒன்றில் பாரத்தைத் தாங்கி மற்றொன்றை உயர்த்தி, வெறுங் கயிற்றிலேயே படியேறுவது போல மேலேறி விடலாம்.

குர்ட்ஸ் சிக்கிக்கொண்ட அந்த முடிச்சைக் கடப்பதற்கு இன்று கற்பிக்கப்படும் முறையும் இவ்வளையத்தையே நம்பியிருக்கிறது. கயிற்றில் இறங்குபவர் முடிச்சு தம் இறங்கு கருவியை முட்டுவதற்கு ஒரு சாண் முன்னதாகவே நின்றுவிட வேண்டும். கருவிக்கு மேலே புரூசிக் வளையத்தைச் சுற்றி, அதனைத் தம் இடுப்புக் கச்சையோடு இணைத்து, உடலின் பாரத்தை அதன்மேல் மெல்ல இறக்க வேண்டும். கருவிக்கும் முடிச்சுக்கும் கீழே உள்ள கயிற்றில் ஒரு காப்பு முடிச்சிட்டு அதனையும் கச்சையோடு இணைத்துக்கொள்ள வேண்டும். இப்போது கருவியில் பாரம் இல்லை. அதைக் கழற்றி முடிச்சுக்குக் கீழே மாட்டலாம். பின்னர்க் கால் வளையத்தில் ஊன்றி எழுந்து, மேலே உள்ள புரூசிக்கின் பாரத்தை நீக்கிக் கழற்றிவிட்டு, காப்பு முடிச்சை அவிழ்த்து, இறக்கத்தைத் தொடரலாம்.

படிக்கும்போது இது எளிதாகத் தோன்றும். ஆனால் குளிரில், இருளில், அச்சத்தில், களைத்த விரல்களோடு இதனைச் செய்ய வேண்டியிருக்கும். ஆகவேதான் தேர்ந்த பயிற்சியாளர்கள் மாணவரைத் தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில் தொங்கவிட்டு, பலமுறை செய்யச் சொல்கிறார்கள். கண்ணைக் கட்டிக்கொண்டு செய்யச் சொல்வதும் உண்டு. செபமாலையின் மணிகளைப் பார்த்தா நம் பாட்டிமார் செபிக்கின்றனர்? விரல்களே வழியை அறிந்திருக்கின்றன அல்லவா? முடிச்சும் அவ்வாறே விரல்களுக்குப் பழகியிருக்க வேண்டும்.

மீண்டும் ஒரு முடிச்சு

ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்குப் பின், 1985ஆம் ஆண்டு, தென் அமெரிக்காவின் பெரு நாட்டில், 6,300 மீட்டருக்கு மேல் உயரமுள்ள சியூலா கிராண்டே என்னும் மலையில் மீண்டும் ஒரு முடிச்சு இரு நண்பர்களுக்கு இடையே வந்து நின்றது. ஜோ சிம்சன், சைமன் யேட்ஸ் என்னும் இரு ஆங்கிலேய இளைஞர்கள் உச்சியை அடைந்து இறங்கும் வழியில், சிம்சனின் கால் முறிந்தது. அத்தகைய இடத்தில் கால் முறிவது மரணத்திற்கு ஒப்பானது. எனினும் யேட்ஸ் நண்பரைக் கைவிடவில்லை.

இரண்டு கயிறுகளை ஒன்றாக முடிந்து, பனியில் ஒரு குழி தோண்டி அமர்ந்து, நண்பரைக் கட்டங் கட்டமாகக் கீழே இறக்கினார். கயிற்றின் பாதியில் முடிச்சு தம் கருவியை அடையும்போது, கீழே சிம்சன் நல்ல காலை ஊன்றி நின்று பாரத்தை நீக்குவார். யேட்ஸ் முடிச்சை மறுபக்கம் மாற்றிக்கொண்டு மீண்டும் இறக்குவார். இருள் சூழ்ந்த நேரத்தில், தம்மை அறியாமல் அவர் சிம்சனை ஒரு பனிச் செங்குத்தின் விளிம்புக்கு அப்பால் இறக்கிவிட்டார். சிம்சன் அந்தரத்தில் தொங்கினார். ஊன்றி நிற்க இடமில்லை. ஆதலால் பாரம் நீங்கவில்லை. ஆதலால் முடிச்சை மாற்ற இயலவில்லை. மேலே ஏறிவிடலாம் என்று எண்ணிய சிம்சன் தம் புரூசிக் வளையங்களை எடுத்தார். ஒன்றைக் கட்டிவிட்டார். மற்றொன்று உறைந்த விரல்களிலிருந்து நழுவி இருளில் விழுந்துவிட்டது.

மேலே யேட்ஸ் அமர்ந்திருந்த பனிக்குழி சிறிது சிறிதாக இடிந்துகொண்டிருந்தது. ஒரு மணி நேரத்திற்கும் மேலாகத் தாங்கியபின், இருவரும் விழுந்து மாள்வது உறுதி என்ற நிலையில், அவர் கயிற்றை அறுத்தார். சிம்சன் கீழே இருந்த பனிப் பிளவுக்குள் விழுந்தார். ஆயினும் இறக்கவில்லை. பிளவிலிருந்து வழி கண்டு வெளியேறி, முறிந்த காலோடு மூன்று நாட்களுக்கு மேலாக நொண்டியும் தவழ்ந்தும் கூடாரத்தை வந்தடைந்தார். கயிற்றை அறுத்த நண்பரைச் சிலர் பழித்தபோது, அவருக்காக முன்வந்து வாதாடியவர் சிம்சனே ஆவார். தாமும் அந்நிலையில் அதையே செய்திருப்பார் என்பது அவரது கருத்து.

யேட்ஸ் செய்தது சரியா தவறா என்று இருந்த இடத்திலிருந்து தீர்ப்பிட நமக்குத் தகுதி இல்லை. நாம் எண்ண வேண்டியது ஒன்று உண்டு. அத்தகைய கொடிய தேர்வின் முன் எவனும் நிறுத்தப்படாதிருக்க வேண்டுமானால், அதற்கு முந்திய நூறு சிறு செயல்கள் சரியாக அமைய வேண்டும். வளையங்கள் நழுவாதபடி கச்சையில் கட்டப்பட்டிருப்பதும், விரல்கள் உறையுமுன் முடிச்சிட்டு விடுவதும் அத்தகைய சிறு செயல்களே.

கயிறு, முடிச்சு, கச்சை

மலையில் நேரும் விபத்துகள் எல்லாம் பெரும் புயலாலும் பனிச்சரிவாலும் நேர்வன என்று எண்ணிவிடல் ஆகாது. மிகச் சிறிய கவனக் குறைவால் வல்லவர்களும் வீழ்ந்திருக்கிறார்கள்.

முதலாவது, கயிறு. 1865 ஜூலை 14ஆம் நாள் மாட்டர்கார்ன் சிகரத்தை முதன்முதலாக ஏறிய எழுவர் இறங்கும்போது, ஒருவர் கால் வழுக்கியது. நால்வர் விழுந்து மாண்டனர். அவர்களை மற்ற மூவரோடு பிணைத்திருந்தது இருந்த கயிறுகளிலேயே வலுக் குறைந்த கயிறு, அது அறுந்துவிட்டது. அக்கயிற்றின் துண்டு செர்மாட் நகர அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டிருக்கிறது. இன்றைய கயிறு நைலானால் ஆனது. விழுபவரின் வேகத்தைத் தான் நீண்டு கொடுத்து உள்வாங்கிக்கொள்ளும் தன்மை அதற்கு உண்டு. ஒற்றைக் கயிறாகப் பயன்படும் மலையேற்றக் கயிறு, 80 கிலோ எடையைச் சோதனையில் குறைந்தது 5 முறை விழச் செய்தும் அறாமல் தாங்க வேண்டும் என்பது உலக அளவில் வகுக்கப்பட்ட விதி. கடையில் கிடைக்கும் கொடிக்கயிறும், பந்தல் கயிறும், நீளாத வேறு எந்தக் கயிறும் இதற்கு ஈடாகா.

இரண்டாவது, முடிச்சு. அமெரிக்கப் பெண்மணி லின் இல், உலகின் மிகச் சிறந்த பாறையேறிகளுள் ஒருவர். 1989ஆம் ஆண்டு பிரான்சு நாட்டின் பியூ என்னும் இடத்தில், எளியதொரு பாறையில் ஏற ஆயத்தமானார். கயிற்றைக் கச்சைக்குள் நுழைத்தவர், முடிச்சை முடிக்குமுன் கவனம் வேறொன்றில் சென்றுவிட்டது. மேற்சட்டை மறைத்திருந்ததால் முடிச்சு இல்லாததை எவரும் காணவில்லை. உச்சி வரை ஏறி, கீழே இறக்கப்படுவதற்காகக் கயிற்றில் சாய்ந்தார். கயிறு உருவிக்கொண்டது. ஏறத்தாழ 22 மீட்டர் விழுந்தார். மரக்கிளைகளில் மோதி விழுந்ததால் உயிர் பிழைத்தார்.

மூன்றாவது, கச்சை. புகழ்பெற்ற மலையேறியான டாட் ஸ்கின்னர், 2006 அக்டோபர் 23ஆம் நாள் அமெரிக்காவின் யோசெமிட்டி பள்ளத்தாக்கில் கயிற்றில் இறங்கும்போது, அவருடைய இடுப்புக் கச்சையின் முன்வளையம் அறுந்து வீழ்ந்து இறந்தார். அது தேய்ந்திருப்பதை உடன் இருந்தவர் முன்னரே சுட்டிக்காட்டியிருந்தார். புதிய கச்சைக்கு அவர் சொல்லி அனுப்பியும் இருந்தார். அது வந்து சேருமுன் அவர் வாழ்வு முடிந்தது.

நம் நாட்டுப் பனையேறும் தொழிலாளி நாள்தோறும் ஏறும் மரமேயாயினும், தளைநாரைத் தொட்டு இழுத்துப் பார்த்தபின்னரே காலில் மாட்டுகிறார். பாறையேற்றத்தில் இப்பழக்கம் இருவர் சேர்ந்து செய்யும் கடமையாக வகுக்கப்பட்டிருக்கிறது. ஏறுமுன் இருவரும் எதிரெதிரே நின்று, ஒருவர் மற்றவருடைய கச்சையின் பூட்டையும், எட்டு வடிவ முடிச்சையும், காராபினர் என்னும் கொக்கி வளையத்தின் மரையையும், கயிறு கருவியில் செல்லும் முறையையும் கண்ணால் கண்டு, கையால் தொட்டுச் சோதிக்க வேண்டும். கயிற்றின் கடைசி முனையில் முடிச்சு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அது இல்லாவிடின், இறங்குபவர் கயிறு முடிவதை அறியாமல் அதன் முனையைத் தாண்டி விழுந்துவிட நேரும். "நான் இருபது ஆண்டு அனுபவம் உள்ளவன், என்னையா சோதிக்கிறாய்?" என்று எவரும் சினப்பதில்லை. சோதிப்பது அவநம்பிக்கை ஆகாது. அது அன்பின் கடமை.

துணைவன் அடிபட்டால்

ஒருவர் ஏற, மற்றவர் கீழே நின்று கயிற்றைப் பிடித்துக் காப்பதே பாறையேற்றத்தின் அடிப்படை. ஏறுபவர் அடிபட்டு மயங்கித் தொங்கினால், காப்பவர் செய்வது என்ன? பதற்றத்தில் கயிற்றை விட்டுவிட்டு ஓடினால் தொங்குபவர் விழுந்துவிடுவார். கயிற்றைப் பிடித்துக்கொண்டே நின்றால் இருவருமே அங்குக் கட்டுண்டு கிடப்பர்.

கயிற்றின் நீளம் போதுமாயின், அடிபட்டவரை மெதுவாகத் தரைக்கு இறக்கிவிடுவதே முதல் வழி. அது இயலாத உயரத்தில் இருப்பின், காப்பவர் முதலில் கருவியின்மேல் கயிற்றைக் கட்டித் தம் கைகளை விடுவித்துக்கொள்ள வேண்டும். அடுத்து, பாரம் தாங்கும் கயிற்றில் புரூசிக் வளையத்தைச் சுற்றி, பாறையில் உறுதியாகப் பொருத்தப்பட்ட பிடிமானத்தோடு இணைத்து, பாரத்தை அதற்கு மெல்ல மாற்ற வேண்டும். புரூசிக் ஒன்றையே நம்பாமல் பெரிய கயிற்றையும் பிடிமானத்தில் கட்டிவிட வேண்டும். அதன் பின்னரே அவர் கயிற்றிலிருந்து விடுபட்டு, அடிபட்டவரை அணுகவோ உதவி தேடவோ செல்லலாம். தம் பாதுகாப்பை முதலில் உறுதி செய்துகொள்வது தன்னலமன்று. மீட்க வந்தவனும் வீழ்ந்தால், மீட்கப்பட வேண்டியோர் இருவர் ஆகிவிடுவர்.

கச்சையில் அசைவின்றித் தொங்குவதும் ஆபத்தே. கால்களில் குருதி தேங்கி, மயக்கமும் அதற்கு மேலும் நேரலாம். ஆதலால் நினைவுள்ளவர் கால் வளையத்தில் ஊன்றிக் கால்களை அசைத்துக்கொண்டிருக்க வேண்டும். நினைவிழந்தவரை இயன்ற விரைவில் கீழே கொணர வேண்டும்.

உதவி கோருவதற்கும் உலகெங்கும் அறியப்பட்ட அடையாளம் ஒன்று உண்டு. ஒரு நிமிடத்திற்குள் ஆறு முறை ஊதல் ஊதுவது, அல்லது ஆறு முறை விளக்கைக் காட்டுவது. பின் ஒரு நிமிடம் நிறுத்தி மீண்டும் அவ்வாறே செய்வது. கேட்டவர் நிமிடத்திற்கு மூன்று முறை மறுமொழி தருவார். கைப்பேசி எட்டாத மலைகளிலும் ஒரு சிறு ஊதல் எட்டும். இதனைச் சிறுவருக்கும் கற்பிக்கலாம்.

இவற்றுக்கெல்லாம் முந்தியது, எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என்பதை வீட்டில் சொல்லிச் செல்வது. 2003 ஏப்ரலில் ஏரன் ரால்ஸ்டன் என்னும் அமெரிக்க இளைஞர் யூட்டா மாநிலத்துப் பாறைக் குடைவு ஒன்றில் தனியே சென்றபோது, உருண்ட பாறை அவர் கையை நசுக்கிப் பிடித்துக்கொண்டது. தாம் சென்ற இடத்தை அவர் எவரிடமும் சொல்லியிருக்கவில்லை. ஐந்து நாட்களுக்கும் மேலாகச் சிக்கியிருந்து, முடிவில் தம் கையைத் தாமே அறுத்து வெளிவந்தார். வீட்டில் சொல்லிவிட்டுச் சென்ற ஒரு சொல், அங்கு ஒரு கையின் விலை பெற்றிருக்கும்!

எங்கே கற்பது?

இக்கலையை நூலைப் படித்தோ படக்காட்சியைப் பார்த்தோ கற்றுவிட முடியாது. இக்கட்டுரையும் அதற்குப் போதாது. தகுதி பெற்ற ஆசிரியரின் கண்ணெதிரே, உறுதியான தரையில், நல்ல வெயிலில், பிழை செய்தாலும் உயிருக்கு ஊறு நேராத இடத்தில் கற்க வேண்டும். நம் நாட்டில் 1954இல் டார்ஜிலிங்கில் நிறுவப்பட்ட இமாலய மலையேற்றக் கழகமும், 1965இல் உத்தரகாசியில் நிறுவப்பட்ட நேரு மலையேற்றக் கழகமும் இத்தகைய பயிற்சியை முறையாக அளித்து வருகின்றன. எவரெஸ்டை முதன்முதலாக வென்ற இருவருள் ஒருவரான டென்சிங், டார்ஜிலிங் கழகத்தில் பல்லாண்டுகள் களப்பயிற்சி இயக்குநராய் இருந்து, தம் வாழ்வின் பெரும்பகுதியைப் பிறருக்குக் கற்பிப்பதில் செலவிட்டார். உச்சியைக் கண்டவருக்கும், கற்பித்தலே நெடுநாட் பணியாயிற்று.

மலையேறிய திருத்தந்தை

மலையேற்றம் என்பது வீண் துணிச்சல் என்று எண்ணுவோருக்கு, நம் திருச்சபையின் வரலாற்றிலேயே விடை இருக்கிறது. 1922 முதல் 1939 வரை திருச்சபையை வழிநடத்திய திருத்தந்தை 11ஆம் பத்திநாதர் (பயஸ்) இளம் குருவாக மிலான் நகரில் வாழ்ந்தபோது தேர்ந்த மலையேறியாக விளங்கினார். அப்போது அவர் பெயர் அக்கில்லே ராட்டி.

1889 ஜூலை இறுதியில், 32ஆம் வயதில், அவர் ஒரு நண்பரோடும் இரு வழிகாட்டிகளோடும் ரோசா மலையின் கொடிய கிழக்கு முகத்தின் வழியே ஏறினார். உச்சியை அடையும்போது பொழுது சாய்ந்துவிட்டது. இருளில் இறங்க முயன்றிருந்தால் என்ன நேர்ந்திருக்குமோ! அவர்கள் அவ்வாறு செய்யவில்லை. சுமார் 4,600 மீட்டர் உயரத்தில் ஒரு குறுகிய பாறைத் திண்டில், கடுங்குளிரில், உறங்கிவிடாமல் விழித்திருந்து இரவைக் கழித்து, விடிந்தபின் மறுபுறமாகப் பாதுகாப்பான வழி தேடி இறங்கினர். மெய்யான மலையேற்றம் உயிரைத் துச்சமாக மதிக்கும் செயலன்று என்பதும், விவேகமும் சிறிது துணிவும் இயற்கையின்மேல் கொண்ட அன்புமே அதன் உட்பொருள் என்பதும் அவருடைய கருத்து.

திருத்தந்தையான பின், 1923ஆம் ஆண்டு, அவர் மெந்தோன் நகர்ப் புனித பெர்நார்தை ஆல்ப்ஸ் மலைவாழ் மக்களுக்கும் மலை வழிச் செல்வோருக்கும் பாதுகாவலராக அறிவித்தார். 11ஆம் நூற்றாண்டில், 2,469 மீட்டர் உயரமுள்ள கணவாயில், பனியில் வழி தவறுவோரைத் தேடிக் காக்கும் விடுதியை நிறுவியவர் இப்புனிதர். அவர் பெயர் தாங்கிய கணவாயில் அத்துறவற விடுதி இன்றும் வழிப்போக்கரை வரவேற்கிறது. உச்சியை வென்றவரை விட்டு, வழியில் வீழ்ந்தவரைத் தூக்கியவரை மலையேறிகளுக்குப் பாதுகாவலராகத் தந்தது எவ்வளவு பொருத்தம்!

விவேகத்தைத் தலையாய நற்பண்புகளுள் ஒன்றாக நம் மறைக்கல்வி கற்பிக்கிறது. அது கோழையின் குணமன்று. உயிர் இறைவன் தந்த கொடை என்றும், நம் கயிற்றின் மறுமுனையில் இன்னொருவரும் பிணைக்கப்பட்டிருக்கிறார் என்றும் அறிந்தவனின் குணம் அது.

எனவே, பெற்றோரே, உங்கள் பிள்ளைகளின் ஆவலை அச்சத்தால் அடக்கிவிடாதீர்கள். மூன்று கேள்விகளை மட்டும் கேளுங்கள்: உனக்குக் கற்பித்தவர் யார்? உன் கயிற்றைச் சோதிப்பவர் யார்? எந்த நேரத்திற்குள் நீ திரும்பாவிடில் நாங்கள் எவருக்குச் சொல்ல வேண்டும்? இவற்றுக்குத் தெளிவான விடை தரும் பிள்ளையை ஆசி கூறி அனுப்பலாம். விடை தர இயலாத பிள்ளையைக் கடிந்துகொள்ள வேண்டாம். முதலில் கற்று வரச் சொல்லுங்கள்.

இளைஞரே, ஒரு சிறு கயிற்று வளையத்தை இன்றே கையில் எடுத்துக்கொள்ளுங்கள். மேசைக் காலில் ஒரு தடித்த கயிற்றைக் கட்டி, புரூசிக் முடிச்சை நூறு முறை இடுங்கள். விளக்கை அணைத்துவிட்டு மேலும் நூறு முறை இடுங்கள். பின்னர் நல்லாசிரியரைத் தேடிச் செல்லுங்கள். உச்சியில் நிற்கும் உங்கள் படத்தைக் காண ஊரார் மகிழ்வர். இரவில் கதவைத் தட்டும் உங்கள் கை ஒலியைக் கேட்கவே உங்கள் தாய் காத்திருப்பார்.